பத்து ரூபாய்க்கு ஏத்துங்கண்ணே

கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. வாழைத்தாரும் பாக்குச் சரமும் தொங்கும் கம்பியின் ஓரத்தில் நூலில் கட்டிய நோட்டு ஒன்று தொங்கும். கூடவே மூடி தொலைந்த ஒரு பேனா. வருகிறவன் தன் கைபேசி எண்ணை அதில் எழுதுவான், பக்கத்தில் ‘10’ என்று போடுவான். “பத்து ரூபாய்க்கு ஏத்துங்கண்ணே.” கடைக்காரர் எழுத்து அழிந்துபோன நோக்கியாவில் வரிசையாகப் பொத்தான்களை அழுத்துவார். பையன் நகரமாட்டான். சட்டைப்பையில் குறுஞ்செய்தி ஒலித்து, வரியும் கழிவும் போக ஏழு ரூபாய்ச் சொச்சம் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்புவான். 2005-க்கும் 2015-க்கும் இடையில் தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இளைஞர்கள் புதிய கைபேசிச் சேவை ஒன்றை ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு மேலாண்மை வகுப்புகளில் விடை தயாராக இருக்கிறது. பயன் இருக்க வேண்டும், கையாள எளிதாக இருக்க வேண்டும் என்று 1989-இல் ஃப்ரெட் டேவிஸ் வகுத்த மாதிரி ஒன்று. அக்கம்பக்கத்தார் எடுத்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எடுப்பார்கள் என்று 1962-இலேயே எவரெட் ரோஜர்ஸ் எழுதிய புத்தகம் இன்னொன்று. இரண்டும் சரிதான். ஆனால் தமிழ்நாட்டுக் கதையை இவற்றைக் கொண்டு அளந்தால் முக்கியமான ஓர் ஆள் விடுபட்டுப்போகிறார்: அப்பா. வாங்குகிறவன் பத்தொன்பது வயதுக்காரன். காசு வீட்டுக் காசு, கூரை வீட்டுக் கூரை. இந்த மண்ணில் ஒரு சேவை பிழைத்ததா படுத்ததா என்பதைப் பலமுறை முடிவு செய்தது, அது கைச்செலவுக் காசுக்குள் அடங்கியதா, வீட்டுக் கூடத்தைத் தாண்டிப் போனதா என்கிற கணக்குதான்.

கூடத்திலிருந்தே தொடங்கலாம். லேண்ட்லைன் இருந்த வீடுகளில் அது கூடத்து முக்காலியில், பூப்பின்னல் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். டயலுக்குப் பூட்டுப் போட்ட வீடுகளும் உண்டு. பேசுவது ஒருவர், கேட்பது குடும்பம். தோழி வீட்டுக்கு அடித்து அவள் அப்பா எடுத்தால் “ராங் நம்பர்” என்று வைத்துவிட வேண்டியதுதான். இதற்கு மாற்றாக 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஊர் ஊராக முளைத்தவை மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி பூத்துகள். கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேல் மின்விசிறி, கண்ணெதிரே சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். பின்னிரவில் கால் பங்குக் கட்டணம் என்பதால் விடுதி மாணவர்கள் சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். மறைவாகப் பேசக் கூண்டு கிடைத்தது. ஆனால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே காதலிப்பது எளிதல்ல.

கைபேசி வந்தபோது அது இவர்களுக்காக வரவில்லை. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவில் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு நிறுவனங்கள் கடை விரித்தன. நிமிடத்துக்கு உச்ச நேரத்தில் 16 ரூபாய்க்கு மேல். கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. கருவியின் விலையோ நடுத்தர அரசு ஊழியரின் பல மாதச் சம்பளம். இடுப்புப் பட்டையில் தோலுறையோடு அதைச் செருகிக்கொண்டு நடந்தவர்கள் மருத்துவர்கள், ரியல் எஸ்டேட்காரர்கள், சினிமாக்காரர்கள். 1999-இல் சி.சிவசங்கரனின் ஏர்செல் சென்னைக்கு வெளியே உள்ள தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய பிறகும் கல்லூரி வகுப்பறையில் கைபேசி என்பது பணக்கார வீட்டுப் பிள்ளையின் அடையாளமாகவே இருந்தது.

முதல் திருப்பம் ப்ரீபெய்ட். வரலாறு எழுதுகிறவர்கள் இதை விலைக்குறைப்புக் கதையாகவே சொல்கிறார்கள். உண்மையில் தொடக்க கால ப்ரீபெய்டில் பேசும் நிமிடத்துக்குக் கட்டணம் கூடுதலாகவே இருந்தது. அது அள்ளிக் கொடுத்தது வேறொன்றை: மாதக் கடைசியில் வீட்டு முகவரிக்கு பில் வராது. யாருக்கு எத்தனை மணிக்குப் பேசினோம் என்ற பட்டியல் அப்பாவின் கையில் சிக்காது. கடையில் அட்டை வாங்கி, வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டி, எண்ணை அடித்தால் போதும்.

இரண்டாம் திருப்பத்துக்குத் தேதியே உண்டு. 2003 மே 1 முதல் வரும் அழைப்புகள் இலவசம். செல்லுபடிக் காலம் இருக்கும்வரை, ஒரு பைசா இருப்பு இல்லாத சிம்மும் அன்றிலிருந்து உயிருள்ள சிம் ஆனது. எவரும் திட்டமிடாத, எந்த நிறுவனமும் விளம்பரப்படுத்தாத ஒரு சேவை அதன்பின் ஊரெங்கும் பரவியது. அதன் பெயர் மிஸ்டு கால்.

ஒரு ரிங் விட்டு வைத்தால் ‘விடுதிக்கு வந்துவிட்டேன்’. இரண்டு என்றால் ‘கிளம்பிவிட்டேன், வாசலுக்கு வா’. மூன்றாவது ரிங்குக்கும் ஓயாமல் அடித்தால்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நட்பு வட்டத்துக்கும் தனி அகராதி இருந்தது. ஆப்பிரிக்காவில் இதே பழக்கத்தை ஆராய்ந்த ஜொனாதன் டோனர், 2007-இல் வெளியான கட்டுரையில் இதற்கு எழுதப்படாத சட்டங்கள் இருப்பதைக் காட்டினார்: வசதி உள்ளவர்தான் திருப்பி அழைக்க வேண்டும், ஏதாவது கேட்டுப் பெற நினைப்பவர் மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது, காதலியிடம் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டங்கள் ஒரு வரி மாறாமல் செல்லும். மகன் மிஸ்டு கால் கொடுத்தால் அம்மா திருப்பி அடிப்பார். வேலையில் சேர்ந்த பிறகும் அவன் அதையே செய்தால் வீட்டில் கேலிப்பேச்சுதான். நிறுவனங்களுக்கோ இது வயிற்றெரிச்சல். கோபுரம் அவர்களுடையது, மின்சாரம் அவர்களுடையது, செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது, கல்லாவில் காசு விழவில்லை. பிற்பாடு இந்தச் சில்லறைத் தந்திரமே தொழிலாகவும் ஆனது. 2010-இல் பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல் நிறுவனம் மிஸ்டு காலை விளம்பர வழியாக்கியது. 2015-இல் அதை ட்விட்டர் விலைக்கு வாங்கியது. 2011-இல் அண்ணா ஹசாரே இயக்கம் ஆதரவு திரட்டியதும் மிஸ்டு கால் வழியாகத்தான்.

வரும் அழைப்புகள் இலவசமான அதே 2003-இன் மழைக்காலத்தில் ரிலையன்ஸ் ‘மான்சூன் ஹங்காமா’ என்று ஒரு வலையை வீசியது. முதலில் 501 ரூபாய் கட்டினால் கைபேசி கையில், மிச்சம் மாதாமாதம். ரிலையன்ஸிலிருந்து ரிலையன்ஸுக்கு நிமிடத்துக்கு 40 பைசா. இந்த இரண்டாவது செய்தியில்தான் தூண்டில் முள் இருந்தது. ஒரே நிறுவனத்துக்குள் மலிவு என்றால், நீ எதை வாங்குவது என்பதை உன் நண்பன் ஏற்கெனவே வாங்கிய சிம் முடிவு செய்கிறது. வகுப்பில் நாலு பேர் ஏர்செல் என்றால் ஐந்தாமவன் ஏர்டெல் வாங்க மாட்டான், அலைவரிசை எத்தனை தெளிவாக இருந்தாலும் சரி. காதலர்கள் ஜோடி சிம் வாங்கினார்கள். பிரிந்த பிறகு அந்த சிம் என்னவாயிற்று என்பதைப் பற்றி எந்தச் சந்தை ஆய்வும் எழுதப்படவில்லை.

இனி அந்தப் பத்து ரூபாய். இதன் பூர்வீகம் தொலைத்தொடர்புத் துறையில் இல்லை, கடலூரில் இருக்கிறது. ஷாம்பூவைப் பாட்டிலில் வாங்க முடியாதவர்களுக்காகச் சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து விற்கும் யோசனை கடலூர் சின்னி கிருஷ்ணனுடையது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தனியே தொடங்கிய சிக் ஷாம்பூ, சாஷேயை இந்தியாவின் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. மாதச் சம்பளக்காரருக்குப் பாட்டில், அன்றாடங்காய்ச்சிக்கு சாஷே. கைபேசி நிறுவனங்கள் 300, 500 ரூபாய் அட்டைகளோடு தடுமாறிவிட்டு, இருபது ஆண்டு பழைய இந்தப் பாடத்துக்கே வந்து சேர்ந்தன. ஹட்ச் பத்து ரூபாய்க்கு ‘சோட்டா ரீசார்ஜ்’ என்று இறக்கியது. அட்டை அச்சிடும் செலவு கட்டுப்படியாகாது என்பதால் கடைக்காரரின் கைபேசியிலிருந்தே ஏற்றும் முறை வந்தது. வெற்றிலை பாக்கோடு, பிஸ்கட்டோடு, ஷாம்பூ சரத்தோடு பேச்சு நேரமும் பெட்டிக்கடைச் சரக்காயிற்று. பேருந்தில் போகாமல் நடந்தால் மிஞ்சும் காசுக்கு அன்றைய பேச்சு.

ஆனால் அந்த நோட்டு எல்லோருக்குமான நோட்டு அல்ல. நூலில் தொங்கும் தாளில் ஒரு பெண் தன் எண்ணை எழுதினால், அடுத்து வருகிறவன் படிக்கலாம், கடைக்காரரே மனப்பாடம் செய்யலாம். அன்று இரவே முகம் தெரியாத எண்ணிலிருந்து “ஹாய்” வரும். எனவே பெண்கள் அண்ணன் தம்பியிடம் காசு கொடுத்து ஏற்றச் சொன்னார்கள், அல்லது மின்வழி ரீசார்ஜ் பரவிய பிறகும் சுரண்டும் அட்டையையே தேடி வாங்கினார்கள். மலிவும் எளிமையும் இருந்தும் பாதிப்பேர் ஒதுங்கி நின்றதற்கு இதுவே காரணம். எண்ணைச் சொல்லாமல் ரீசார்ஜ் செய்யும் வசதியோடு வோடஃபோன் பெண்களுக்காக ‘சகி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது 2018-இல். பெட்டிக்கடை நோட்டுக்கே வயதாகிப்போன காலம் அது.

குறுஞ்செய்திக்கு வருவோம். 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட்டோடு சேர்த்துக் கைபேசிக்கும் தடை போட்டது. தடை போட்ட இடத்தில் எது தழைக்கும் என்பது தெரிந்ததுதான். ஒலியை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, கண் கரும்பலகையில் இருக்க, கட்டைவிரல் மட்டும் பேசிய தலைமுறை அது. ஏழாம் எண்ணை நான்கு முறை அழுத்தினால் ‘எஸ்’, மூன்று முறை என்றால் ‘ஆர்’. விரலுக்குத் தெரியும். அன்றைய மலிவுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து இல்லை. இருந்தாலும் ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழ் எழுத்தில் 70 இடம்தான். அதே காசுக்குப் பாதிக்கும் குறைவான பேச்சு. ‘சாப்டியா’வும் ‘தூங்கிட்டியா’வும் ஆங்கில எழுத்துக்கு மாறியதில் மோகத்தைவிடக் கணக்குக்குப் பங்கு அதிகம்.

மாதம் இத்தனை ரூபாய்க்கு இத்தனை ஆயிரம் எஸ்எம்எஸ் என்று பூஸ்டர்கள் வந்தபோது, பேசவே காசில்லாதவன்கூட இரவெல்லாம் தட்டிக்கொண்டிருந்தான். பேச்சைப் போல இது பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காது, போர்வைக்குள்ளேயே முடிந்துவிடும். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் மட்டும் நிறுவனங்கள் சலுகையை நிறுத்திவைத்து முழுக் கட்டணம் வசூலித்தன. அதற்கு ‘பிளாக் அவுட் டே’ என்று பெயர். மாணவர்கள் முந்தைய நாள் இரவு பதினொன்றரை மணிக்கே வாழ்த்துகளை அனுப்பி முடித்தார்கள்! 2011 செப்டம்பரில், விளம்பரத் தொல்லையை ஒடுக்குவதாகச் சொல்லி, ஒரு சிம்மிலிருந்து நாளைக்கு 100 செய்திதான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு கட்டியது. கூச்சல் எழுந்து அது 200 ஆனது, மறு ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் தனிப்பட்ட செய்திகளுக்கான வரம்பையே நீக்கியது. ஒரு நாளைக்கு நூறு செய்தி போதாது என்று ஒரு நாட்டின் இளைஞர்கள் முறையிட்டார்கள் என்பதை இன்றைய பதினெட்டு வயதுக்காரரால் நம்ப முடியாது. அவருக்கு அது காலை உணவுக்கு முன்பே தீர்ந்துபோகும் கணக்கு.

காலர் டியூன் விசித்திரமான பண்டம். மாதம் 30 ரூபாய், பாட்டுக்குத் தனியாக 15 ரூபாய் கட்டி ஒருவர் வாங்கும் பாட்டை அவரால் மட்டும் கேட்கவே முடியாது. கேட்பவர் அழைப்பவர். 2002-இல் ஏ.ஆர்.ரஹ்மான் ஏர்டெல்லுக்கு இசைத்த விளம்பர மெட்டு ஏற்கெனவே கைபேசிகளில் ரிங்டோனாக ஒலித்துக்கொண்டிருந்தது. 2004-இல் அந்நிறுவனம் ‘ஹலோ டியூன்ஸ்’ தொடங்கியது. சட்டை வாங்குவது போலத்தான் இதுவும். நான் எப்படிப்பட்டவன் என்று பிறருக்குச் சொல்வது. படம் வெளியான வாரமே பாட்டை மாற்றுகிறவன் வகுப்பில் ஒரு படி மேலே இருந்தான். இது பரவிய வழி ரோஜர்ஸ் புத்தகத்துக்குப் படம் போட்டது போல இருந்தது. நண்பனை அழைக்கும்போது கேட்கும் பாட்டு பிடித்திருந்தால் நட்சத்திரப் பொத்தானை அழுத்த வேண்டும், அதே பாட்டு உன் எண்ணுக்கும் ஒட்டிக்கொள்ளும். விளம்பரம் தேவையில்லை, நண்பனே விளம்பரம். சங்கடம் என்னவென்றால் அழைப்பவர் பட்டியலில் அப்பாவும் உண்டு. மகனின் எண்ணில் உருகும் காதல் பாட்டைக் கேட்டுவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வியைத் தவிர்க்க, பலர் பக்திப் பாட்டுக்கு மாறினார்கள். கேட்காமலே ஏற்றப்பட்ட பாட்டுக்குக் காசு பிடித்ததாகக் குவிந்த புகார்கள் இன்னொரு பக்கம். 2013-இல் டிராய் இரட்டை ஒப்புதலைக் கட்டாயமாக்கியபோது இந்தச் சந்தை சுருங்கத் தொடங்கியது.

காசே கொடுக்காமல் பாட்டுக் கேட்க வேறு வழி இருந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து கிராமத்துச் சந்தை வரை ‘பாட்டு ஏத்தித் தரப்படும்’ என்று எழுதிப்போட்ட கடைகள். மெமரி கார்டை நீட்டினால் இருநூறு பாட்டு. இரட்டை சிம், பெரிய ஒலிபெருக்கி என்று வந்த பெயரில்லாச் சீனக் கருவிகளுக்கு இந்தக் கடைகளே ஆதாரம். 2009 நவம்பர் முடிவோடு கருவியை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண் இல்லாத கைபேசிகளின் இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டபோது பல பேருந்துகளில் பாட்டு நின்றது.

அதே ஆண்டு ஜூனில் டாடா டோகோமோ தென்னிந்தியாவில் தொடங்கி, நொடிக்கு ஒரு பைசா என்றது. நிமிடக் கணக்கில் அறுபத்தோராவது நொடியில் இரண்டாம் நிமிடக் காசு போய்விடும் என்ற பயம் இளைஞர்களின் பேச்சையே நறுக்கி வைத்திருந்தது. டோகோமோ வந்ததும் “எங்கடா இருக்க?” “கேன்டீன்ல” என்பது நாலு பைசா. சில மாதங்களில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதே கணக்குக்கு இறங்கின. மிஸ்டு காலின் தேவை பாதி குறைந்தது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம் என்றானதும், நண்பர் வட்டத்தின் சிம் கட்டுப்பாடும் தளர்ந்தது.

எடுபடாதவற்றையும் சொல்ல வேண்டும். படம் அனுப்பும் எம்எம்எஸ் வந்தது, இரண்டு முனையிலும் அதற்கேற்ற கருவியும் அமைப்பும் வேண்டும் என்பதால் புளூடூத் அதை வென்றது. 3ஜி வந்தபோது விளம்பரமெல்லாம் முகம் பார்த்துப் பேசுவதைப் பற்றியே இருந்தது. விலை ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, ‘லைப்ரரியில் இருக்கிறேன்’ என்று சொல்பவனின் பின்னால் திரையரங்கு தெரிந்துவிடும். அதே காலத்தில் ஏர்செல் 98 ரூபாய்க்கு மாதம் முழுவதும் ‘பாக்கெட் இன்டர்நெட்’ கொடுத்தது. ஊர்ந்து செல்லும் 2ஜிதான். ஆனால் ஃபேஸ்புக்குக்கு அது போதும், சாதாரண நோக்கியாவில் ஓடிய வாட்ஸ்அப்புக்கும் போதும். வேகத்தை விற்றவர்கள் காத்திருக்க, அளவில்லாமையை விற்றவர்களிடம் கூட்டம் சேர்ந்தது.

2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தபோது இந்தக் கணக்குகள் அத்தனையும் ஒரே நாளில் காலாவதியாயின. அழைப்பு என்றைக்கும் இலவசம், டேட்டா முதலில் டிசம்பர் வரை, பிறகு மார்ச் வரை இலவசம். 170 நாளில் பத்துக் கோடிப் பேர். அந்த இலவச காலத்தின் நடுவில்தான் 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். ஜியோ இல்லாவிட்டால் மெரினா இல்லை என்று சொல்வது வரலாற்றுக்கு அநியாயம். ஆனால் கடற்கரையிலிருந்து மணிக்கணக்கில் நேரலை போட்டவர்கள் டேட்டா தீருமே என்று கவலைப்படவில்லை. இருட்டியபோது கைபேசி டார்ச்சுகளை உயர்த்திப் பிடித்த அந்தக் கூட்டத்தில், டார்ச்சோடு வந்த நோக்கியா 1100-இல் முதல் எஸ்எம்எஸ் தட்டியவர்களும் இருந்திருப்பார்கள். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கருவிகளை உருவாக்கிய ஆலையோ, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை கொடுத்துவிட்டு 2014-லேயே மூடப்பட்டிருந்தது.

செப்டம்பர் 2017-இல் கூகுளின் பணப் பரிமாற்றச் செயலி ‘தேஸ்’ வந்தது, இன்றைய கூகுள் பே. நண்பனைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் 51 ரூபாய். மொய்க்கவரில் ஒற்றை ரூபாய் சேர்த்து வைக்கும் ஊருக்கு அந்த ஐம்பத்தொன்று என்ற எண்ணே பழகிய எண். கூடவே சுரண்டும் அட்டை, திரையில் விரலால் சுரண்டுவது. வெள்ளிப் பூச்சு அட்டையை நாணயத்தால் சுரண்டியவர்களின் தம்பி தங்கைகள் அதைத் தேநீர்க் கடையில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

2018 பிப்ரவரியில் ஏர்செல் நின்றுபோனது. ஒரு காலை தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோரின் கைபேசியில் சிக்னல் கோடுகள் இல்லை. வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டு எண்ணைப் பெறவும் சிக்னல் வேண்டுமே என்று கடைகளின் முன்னால் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. 2006-ஐ ஒட்டி 999 ரூபாய் கட்டி, ‘லைஃப்டைம் ப்ரீபெய்ட்’ என்று செல்லுபடிக் காலம் தீராமல் ஆயுள் முழுக்க வரும் அழைப்பு இலவசமாகும் திட்டத்தை வாங்கியவர்கள் பலர். கல்லூரி மாணவனாக அப்பாவிடம் கெஞ்சி அதை வாங்கியவருக்கு இப்போது முப்பதைத் தாண்டிய வயது. வங்கி, ஆதார், பிள்ளையின் பள்ளி எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தன. இணைப்பு உயிரோடு இருக்க 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.